தானா எந்திரிப்பாரு

அந்தக் கண்டக்டரு டிக்கெட் மெஷினை எப்படித் தட்டுறாரு பாருங்க சார். தட்டினா வருமா? அதுக்கு உள்ள சூடு. காலையில இருந்து தோல் உறைக்குள்ள போட்டு, கக்கத்துல இடுக்கிக்கிட்டு, இந்த வெயில்ல நாலு நடை போயிட்டு வந்திருப்பாரு. அது என்ன பண்ணும், வேகத்தைக் குறைச்சுக்கும். குறைக்கலைன்னா வெந்துடும். அது தெரியாம இவரு போட்டுத் தட்டுறாரு. இல்லைங்க, நான் சொல்லப் போறதில்ல. சொன்னா என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாரு.

நீங்க நாமக்கல்லா? நான் ஆண்டகளூர் கேட்ல இறங்கிடுவேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நாளைக்கு அப்பாவுக்கு வருஷத் திதி. ஆமாங்க, ஒரு வருஷம் ஓடிப்போச்சு.

எனக்கு இந்த மாதிரி மெஷின்ல வேலைதாங்க, பெங்களூர்ல. டிரைவர் எழுதறேன். எங்க சித்தப்பா ஒருத்தரு இதைக் கேட்டுட்டு, "ஏன் தம்பி, டிரைவர் வேலைக்குப் போகவா இஞ்சினீயருக்குப் படிச்சே? நம்மூர்ல இல்லாத லாரியா பெங்களூர்ல ஓடுது?"ன்னாரு. நாமக்கல் பக்கம் டிரைவர்னா வேற என்ன நினைப்பாங்க, சொல்லுங்க. இது அந்த டிரைவர் இல்ல. மெஷினுக்குள்ள ஒரு சிப்பு இருக்கும்ல, ப்ராசசர்னு சொல்றது, அது எப்ப வேகமா ஓடணும், எப்ப மெதுவா ஓடணும், எப்ப தூங்கணும், எப்ப எந்திரிக்கணும்னு பார்த்துச் சொல்ற புரோகிராம். சூடு எண்பத்தஞ்சைத் தொட்டா வேகத்தைக் குறை. எழுபத்தஞ்சுக்கு இறங்கினதும் மறுபடி கூட்டு. எண்பத்தஞ்சுல குறைச்சு எண்பத்து நாலுல கூட்டினா ஆகாதுங்க, ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும், பேட்டரி போயிடும். நடுவுல பத்து டிகிரி விடணும். அந்தப் பத்து டிகிரி என் யோசனை. எங்க மேனேஜருக்கே அது முதல்ல புரியல.

சும்மா இருக்கிற நேரம் பூரா அது தூங்கணும். இப்ப கண்டக்டரு ஒரு டிக்கெட்டுக்கும் இன்னொரு டிக்கெட்டுக்கும் நடுவுல சும்மா நிக்கிறாரு இல்ல, அந்த நேரத்துல சிப்பு தூங்கிடும். பட்டனைத் தொட்டதும் எந்திரிக்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாளைக்கு லட்சம் தடவை தூங்கி லட்சம் தடவை எந்திரிக்கும். அப்பத்தான் காலையில சார்ஜ் போட்டது ராத்திரி வரைக்கும் வரும்.

தூங்க வைக்கிறது சுலபங்க. எழுப்புறதுதான் கஷ்டம்.

போன வருஷம் இதே பங்குனியில எங்களுக்கு அந்தத் தலைவலிதான் வந்துச்சு. புது மெஷின். இதைவிடக் கொஞ்சம் பெரிசு, வீட்டுக்கு வீடு போய்க் கணக்கெடுக்கறவங்களுக்குக் கொடுக்கறது. எல்லாம் நல்லா ஓடுது. ஆனா, சூடாகி, வேகம் குறைஞ்சு, அந்த நிலைமையிலேயே தூங்கிட்டா, முன்னூறு தடவைக்கு ஒரு தடவை எந்திரிக்கல. பட்டனைத் தொட்டா சத்தமில்ல. திரை கருப்பா கிடக்கும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி தானா எந்திரிச்சுக்கும்.

எங்ககூட ஜெபராஜ்னு ஒரு பையன். பையன்னா முப்பது வயசு இருக்கும், நாகர்கோவில்காரன். அவன்தான் மெஷினைச் சூட்டுப் பெட்டிக்குள்ள வெச்சுச் சோதிப்பான். அவன் அந்த மெஷினுக்குப் "பெரியவரு"ன்னு பேரு வெச்சிருந்தான். ஏன்னு கேட்டா, "கூப்பிட்டா ஒரு தடவையில எந்திரிக்க மாட்டாரு பாஸ், கோபம் வந்தா பேசவும் மாட்டாரு, மரியாதை கொடுத்துருவோம்"பான். அதுலேர்ந்து எங்க எல்லாருக்கும் பெரியவருதான். பெரியவரு தூங்கிட்டாரு. பெரியவரு சூடாயிட்டாரு. மீட்டிங்ல கன்னடக்காரங்க, வடக்கத்திக்காரங்க எல்லாருமே "பெரியவரு"ன்னு சொல்லப் பழகிட்டாங்க. சிரிப்பா இருக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பு. எந்திரிக்கலைன்னா யாரும் கை வைக்கக் கூடாது. ஏன்னா, எங்க மாட்டிக்கிச்சுங்கற தடயம் பூரா அதோட ஞாபகத்துலதான் இருக்கு. பவர் பட்டனை அமுக்கினா அத்தனையும் அழிஞ்சு போயிடும். மறுபடி முன்னூறு தடவை காத்திருக்கணும். அதனால ஜெபராஜ் எப்ப மெசேஜ் போட்டாலும் என் பதில் ஒண்ணேதான். "தொடாத. விட்டுரு. தானா எந்திரிப்பாரு." ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவையாவது அடிச்சிருப்பேன். தொ-ன்னு ஆரம்பிச்சாலே ஃபோனு மிச்சத்தைத் தானா எடுத்துக் கொடுக்கும்.

கோளாறு என்னன்னு கேட்டா நீங்க சிரிப்பீங்க. சூடு குறைஞ்சிருச்சான்னு பார்க்கிறதுக்கு ஒரு சென்சார் இருக்கு. சிப்பு தூங்கறப்ப அதையும் சேர்த்துத் தூங்க வெச்சுட்டேன். எந்திரிக்கிற நேரத்துல சிப்பு அதைக் கேக்குது, சூடு குறைஞ்சிருச்சா, எந்திரிக்கட்டுமான்னு. அது தூக்கத்துல பழைய சூட்டையே சொல்லுது. இவரு எந்திரிக்கணும்னா அது சொல்லணும். அது சொல்லணும்னா இவரு எழுப்பணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. பேட்டரிப் பக்கம் இன்னொரு சின்ன சிப்பு உண்டு, அது எப்பவாவது ஒரு தடவை எல்லாத்தையும் உசுப்பும், அப்பத்தான் ரெண்டும் எந்திரிக்கும். முதல்ல சென்சாரை எழுப்பு, அப்புறம் கேளு. அவ்வளவுதான். நான் மாத்தி எழுதியிருந்தேன். ரெண்டு வரி.

கண்டுபிடிச்ச அன்னைக்கு எல்லாருக்கும் மெயில் போட்டேன். என் தப்பு, நான்தான் வரியை மாத்திப் போட்டுட்டேன்னு என் பேர் போட்டே எழுதினேன். எனக்கு அதுல வெக்கம் கிடையாதுங்க. தப்புன்னா தப்பு.

அந்த ரெண்டு வரியைக் கண்டுபிடிச்ச அன்னைக்குத்தான் அப்பாவுக்கும் ஆச்சு.

அப்பா பேரு அர்த்தனாரி. ஜவ்வரிசி பண்ற சேகோ ஃபேக்டரியில மேஸ்திரியா இருந்தாரு, முப்பத்தோரு வருஷம். கிழங்கு வண்டி வந்து நின்னா, ஒரு கிழங்கை ஒடிச்சுப் பார்த்தே மாவு எவ்வளவு வரும்னு சொல்லிடுவாரு. அம்மா போனதுக்கப்புறம் தங்கச்சி வீட்டுலதான் இருந்தாரு. அவ பேரு கோகிலவாணி. பிளஸ் டூவோட நிறுத்திட்டாங்க. நல்ல பொண்ணுங்க. நான் ஒண்ணு சொன்னா அப்பீலே கிடையாது. டிவி எந்த கம்பெனி வாங்கறதுன்னாலும் என்னைக் கேப்பா, அப்பாவுக்கு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னும் என்னைத்தான் கேப்பா. மாத்திரையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஆனா கேப்பா. அண்ணன் படிச்சவன்.

அன்னைக்கு நாலு மணிக்கு மெஷின் வாங்கறவங்க வர்றாங்க. அவங்க முன்னாடி சூட்டுப் பெட்டியில வெச்சுத் தூங்க வெச்சு எழுப்பிக் காட்டணும். காலையில பதினொரு மணிக்குத்தான் அந்த ரெண்டு வரி கண்ணுல பட்டுச்சு. மாத்திப் போட்டாச்சு. சரியா இருக்கான்னு முன்னூறு தடவை பார்க்கணுமே. ஜெபராஜ் பெட்டி பக்கத்துல உக்காந்திருக்கான், நான் என் இடத்துல இருந்து கண்ணு எரிய லாக், அதாவது மெஷின் தானா எழுதிக்கிட்டே போற பதிவு, அதைப் பார்த்துட்டு இருக்கேன். நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ். ஃபோனு சைலன்ட்ல. ரெண்டு இருபதுக்கு ஒரு மெசேஜ் வருது. "எந்திரிக்க மாட்டேங்கறாரு. என்ன பண்றது?" நான் என்னத்தைக் கண்டேன்? ஜெபராஜ்னு நினைச்சு, வழக்கம்போல அடிச்சுட்டேன். தொடாத. விட்டுரு. தானா எந்திரிப்பாரு.

அது கோகிலா போட்ட மெசேஜ்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த அப்பா எந்திரிக்கல. கூப்பிட்டா "ம்"ங்கறாரு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாராயி அக்கா வந்து பார்த்துட்டு, "நூத்தியெட்டுக்குப் போன் போடு புள்ள, எனக்கென்னமோ சரியாப் படல"ன்னு சொல்லியிருக்காங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? "அண்ணனைக் கேட்டுட்டேங்க்கா, தொட வேண்டாம்னு சொல்லிடுச்சு. தானா எந்திரிப்பாராம்." சொல்லிட்டு ஃபேனைக் கூட்டி வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கா. ஒரு மணி நேரம், ஒண்ணேகால் மணி நேரம். தலைமாட்டுல ஒரு டம்ளர் தண்ணியை வெச்சுக்கிட்டு, எந்திரிச்சா குடிக்கறதுக்கு.

மூணே முக்காலுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருச்சு. அப்புறம்தான் ஆம்புலன்ஸ். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்கேன் எடுத்து முடிக்கறப்ப அஞ்சரை. டாக்டரு கேட்டாராம், "நல்லா இருந்து கடைசியாப் பார்த்தது எத்தனை மணிக்கு?" "பன்னெண்டரை"ன்னு சொல்லியிருக்கா. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாமேம்மா"ன்னாராம். ஒன்பது நாள் இருந்தாரு. பேச்சு வரல.

எனக்கு எப்பத் தெரியும்னு கேக்கறீங்களா? அஞ்சு மணிக்கு மேல. பெரியவரு அன்னைக்கு ஜம்முனு எந்திரிச்சாரு. சூட்டுப் பெட்டியில அறுபது டிகிரியில வெச்சு, தூங்க வெச்சு, பட்டனைத் தொட்டதும் திரை பளிச்சுன்னு வருது. வந்தவங்க கை தட்டினாங்க. எங்க மேனேஜரு தோளைத் தட்டிக் கொடுத்தாரு. அப்புறம்தான் ஃபோனை எடுத்துப் பார்க்கறேன், பத்தொன்பது மிஸ்டு கால்.

நான் ஓடி வந்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல சொந்தக்காரங்க அத்தனை பேரும் நிக்கறாங்க. கோகிலா என்னைப் பார்த்ததும் சட்டையைப் பிடிச்சுட்டா. என் தங்கச்சி என்னைக் கைநீட்டிப் பேசினது கிடையாதுங்க. "நீதானண்ணா தொடாதன்ன? நீதான தானா எந்திரிப்பாருன்ன?"ன்னு கத்தறா. நான் சொன்னேன், "கோகிலா, அது உனக்குப் போட்டதில்ல. மெஷினுக்குப் போட்டது. மாத்தி அனுப்பிட்டேன்"னு. அவ நம்பல. "மெஷினுக்கு யாராவது எந்திரிப்பாருன்னு மரியாதை போடுவாங்களா"ன்னு கேட்டா. ஃபோனை எடுத்து ஜெபராஜ் மெசேஜையெல்லாம் காட்டினேன். பெரியவரு எந்திரிக்கல, தொடாத, தானா எந்திரிப்பாரு. பெரியவரு எந்திரிக்கல, தொடாத, தானா எந்திரிப்பாரு. மேல தள்ளத் தள்ள அதேதான். அவ ரொம்ப நேரம் தள்ளிக்கிட்டே இருந்தா. அப்புறம் ஃபோனை என் கையில கொடுத்துட்டு, அந்தச் சுவத்தோரம் அப்படியே உக்காந்துட்டா.

அதுக்கப்புறம் என்னை ஒரு வார்த்தை குத்தம் சொன்னதில்லைங்க. இப்ப எல்லாம் அவ மேலேயே போட்டுக்கிட்டா. "மெஷினுக்குச் சொன்னதை அப்பாவுக்குன்னு எடுத்துக்கிட்டேனே, ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே"ன்னு. அவ மாமியா வேற, "படிப்பு இல்லாதவளுக்கு எது மெஷினு எது மனுசன்னு தெரியுமா"ன்னு ஒரு நாள் சொல்லிப்போட்டாங்க. நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், விடு கோகிலா, தெரியாம நடந்ததுன்னு. நான் அவளைத் தப்பாவே நினைச்சதில்லைங்க. பெரிய மனசு பண்ணித்தான் போயிட்டு வந்துட்டு இருக்கேன்.

அவ வீட்டுக்காரரு ஸ்பின்னிங் மில்லுல. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில வந்து படுப்பாரு. இவ அரை மணிக்கு ஒரு தடவை போய்த் தோளைப் பிடிச்சு உலுக்கறா. கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை பேசினாத்தான் விடுவா. அவரும் மனுசன்தானே, எத்தனை நாளைக்குப் பொறுப்பாரு? இப்ப மூணு மாசமா அவங்க அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கறாரு. போன வாரம் எனக்கு ஃபோன் போட்டாரு. "மச்சான், திதிக்கு வர்றப்ப அப்படியே அவளைக் கூட்டிக்கிட்டுப் போங்க, கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும்"னாரு. கொஞ்ச நாள்ங்கறாரு. திருப்பிக் கூட்டிக்குவாரான்னு நான் கேக்கல.

இருங்க, அவதான் கூப்பிடறா.

சொல்லு கோகிலா… மல்லூர் தாண்டிட்டேன்… ம்… இல்ல இல்ல, சாப்பிட்டுட்டேன்… மாலையா? வாங்கிட்டேன், பையில இருக்கு… ஏன், நீயே போடு, பொண்ணுதான நீ… யாரு அப்படிச் சொன்னது?… யாரும் சொல்லலைன்னா அப்புறம் என்ன?… சரி. சரி விடு. அழுவாத. பஸ்ஸுல இருக்கேன். வந்து பேசிக்கலாம். நீ எதுக்கு வர்ற, வெயில்ல நிக்காத… சரி.

ஒண்ணுமில்லைங்க.

அப்பா ஃபோட்டோ இருக்கிற ரூமுக்குள்ள அவ போறதே இல்லையாம். ஒரு வருஷமா. வெளிய நின்னு கூட்டறதோட சரி. நாளைக்கு ஃபோட்டோவுக்கு மாலையை நீதான் போடணும், நான் அந்த மூஞ்சி முன்னாடி நிக்க மாட்டேன்ங்கறா. "நான் கொன்னவ அண்ணா"ங்கறா.

எனக்கு இது தெரியாதுங்க. ரூமுக்குள்ளயே போறதில்லைன்னு யாரும் சொல்லல.

சார், நீங்க என்ன பண்றீங்க? ஸ்கூல்லயா? சரிங்க. இல்ல, சும்மா கேட்டேன்.

ஃபோனு சைலன்ட்ல இருந்துச்சுன்னு சொன்னேன் இல்ல? இல்லைங்க. சைலன்ட்ல போட்டது நாலு மணிக்கு அவங்க வந்ததுக்கப்புறம்தான். அவ முதல்ல ரெண்டு தடவை கூப்பிட்டா. நான்தான் கட் பண்ணேன். இந்தா, இந்தக் கட்டை விரலால. ரெண்டு தடவையும் பேரைப் பார்த்துத்தான் கட் பண்ணேன். அப்புறம்தான் அவ மெசேஜ் போட்டா.

மெசேஜுக்கு மேலயும் பேரு இருந்துச்சு. கோகிலான்னு. ஜெபராஜ் இங்கிலீஷ்ல இருப்பான், அவ மட்டும்தான் என் ஃபோன்ல தமிழ்ல இருக்கா. தெரியாம போக வழியே இல்ல. பார்த்தேன். அப்பாவைத்தான் சொல்றான்னு தெரியும். அவரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறவருதான், அதனாலதான் அப்படிப் போட்டேன்னு கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுவும் பொய்யி. ஒண்ணுமே நினைக்கலைங்க. லாக் ஓடிட்டு இருக்கு, இருநூத்து நாப்பதாவது தடவை, இன்னும் அறுபது இருக்கு. இவ வேற இப்பன்னு பார்த்துன்னு எரிச்சல் வந்துச்சு. கைக்கு வந்ததை அடிச்சு அனுப்பிட்டேன். அவ வாயை அடைக்கணும், அவ்வளவுதான். பெத்த அப்பனுக்கு.

அன்னைக்கு வராண்டாவுல அத்தனை பேரு பார்க்கறாங்க. அவ சட்டையைப் பிடிச்சதும் அந்தப் பொய்யி வந்துச்சு. யோசிச்செல்லாம் சொல்லல. ஒரு தடவை சொல்லி, ஃபோனையும் காட்டினதுக்கப்புறம் எப்படிங்க திருப்பி எடுக்கறது? அவ மேல பழி போகும்னு அப்ப எனக்குத் தெரியாது. என் மேலேர்ந்து இறங்கினா போதும்னு இருந்துச்சு. அது இறங்கி நேரா அவ மேல ஏறும்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சதுக்கப்புறமும் ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, விடு கோகிலா, தெரியாம நடந்ததுன்னு ஆறுதல் வேற சொல்லிக்கிட்டு. பெரிய மனசுன்னு உங்ககிட்டயே சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்க.

அவளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே வரிங்க. நீ சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டே, நான் உனக்குத்தான் சொன்னேன். இதைச் சொன்னா அவ அந்த ரூமுக்குள்ள போயிடுவா. அவ வீட்டுக்காரரு நிம்மதியாத் தூங்குவாரு. எனக்குத்தான் தங்கச்சி இருக்க மாட்டா. அம்மா இல்ல, அப்பா இல்ல, கல்யாணமும் பண்ணிக்கல. இந்தப் பக்கம் பஸ் ஏறி வர்றதுக்கு எனக்கு வேற வீடு கிடையாதுங்க.

இல்லைங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்ககிட்ட யோசனை கேக்கறதுக்காகச் சொல்லல. ஒரு வருஷமா பாத்ரூம்ல நின்னு சொல்லிப் பார்த்தாக்கூட பாதியில நின்னு போயிடும். ஒரு மனுசன் முன்னாடி முழுசா வாயில வருதான்னு பார்த்தேன். வந்துருச்சு. அதுக்குத்தான் உங்களை இவ்வளவு நேரம் படுத்திட்டேன், மன்னிச்சுக்கங்க.

கேட் வந்துருச்சுங்க. கொஞ்சம் அந்தப் பையை எடுத்துக் கொடுங்க. மாலை இருக்கு, மெதுவா.

வர வேண்டாம்னு சொன்னேன், வந்து நிக்கறா பாருங்க. அதோ, மஞ்ச சேலை, தலையில முந்தானையைப் போட்டுக்கிட்டு. எவ்வளவு இளைச்சுட்டா பாருங்க. என்னைப் பார்த்துட்டா. சிரிக்கறா சார். என்னைப் பார்த்துச் சிரிக்கறா.